வடகிழக்கு மூலைப் பாறை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறனுங்ணா. வெயில் நேரா பேப்பர் மேல அடிக்குது, செவப்பு எது வெள்ளை எதுன்னே தெரிய மாட்டேங்குது. வேடிக்கை பாத்துட்டு வந்தீங்களா? அட, இந்த பைபாஸ் ரோட்டுல என்னத்தெங்க வேடிக்கை? இதைப் பாருங்க. இந்த ஓரத்தைச் சித்தெ உங்க முட்டி மேல வெச்சுக்குங்க, இல்லாட்டி சுருண்டுக்குது. ஆ, அப்படித்தான். இப்பச் சொல்லுங்க, எத்தனை பெருசு?

எந்த மாவட்டம்னு கேக்கறீங்க பாருங்க, அதுதானுங்க எனக்கு வேணும்! நெசமான ஊருன்னு நெனச்சுட்டீங்க. எந்த மாவட்டமும் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஆடற கேம் ஒண்ணோட மேப்புங்க இது. பன்னெண்டு கிலோமீட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர். அத்தனையும் என்ற கையால பண்ணுனது. மலை, ஓடை, பள்ளம், மேடு எல்லாமே. நாலு வருசமுங்க. எம்பேரு குழந்தைவேலு. கோயமுத்தூர்ல ஒரு கேம் கம்பெனியில மேப்பு போடறதுதான் என்ற வேலை.

நீங்க இந்த பஸ்ஸுல சேலம் வரைக்குந்தானே? சரி, அதுவரைக்கும் நேரமிருக்குது. நான் பெங்களூர் போறனுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மீட்டிங்கு. எதுக்குன்னு கேளுங்க. இந்த மேப்பை வெட்டறதுக்கு! பணம் போடற கம்பெனி பெங்களூர்ல இருக்குது. அவிங்க சொல்லிப்போட்டாங்க, மூணுக்கு மூணு கிலோமீட்டர் போதுமாம். இந்தா, இந்தக் கீழ்மூலை மட்டும். மீதியெல்லாம் அழிச்சுருவாங்களாம். நாலு வருசத்துப் பொழப்பை ஒரு பட்டனை அமுக்கி அழிக்கறதுக்கு ஒரு மீட்டிங்கு, அதுக்கு டீ பிஸ்கெட்டு வேற. வயிறு எரியுதுங்க எனக்கு!

உங்களுக்கு கேம் பத்தித் தெரியாது, பரவால்ல, சொல்றேன். இது ஓப்பன் வேர்ல்டுன்னு சொல்லுவாங்க. இந்த லெவலை முடி, அடுத்த லெவலுக்குப் போன்னு துரத்தற ஆட்டமில்லீங்க. உங்களுக்கு ஒரு வேசம் குடுத்து, ஒரு ஊர்ல இறக்கி விட்ருவோம். அப்பறம் உங்க பாடு. மலை ஏறுவீங்களோ, ஓநாயோட மல்லுக்கட்டுவீங்களோ, நாலு பேருக்கு ஒத்தாசை பண்ணுவீங்களோ, எங்க வேணா போலாம். அப்படின்னா போறதுக்கு எடம் வேணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்ணா. எங்க வேணா போன்னு சொல்லிப்போட்டு நாலு காம்பவுண்டு சுவருக்குள்ள உட்டா அது பேரு என்னங்க? ஜெயில்!

இதைத்தானுங்க நானு நாலு வருசமா கத்திட்டு இருக்கேன். மேப்பு பெருசா இருக்கோணும். தூரத்துல ஒரு மலை தெரியோணும், அதைப் பாத்து அடேயப்பான்னு இருக்கோணும், போய்ச் சேர்றதுக்குள்ள தாவு தீரோணும். அப்பத்தான் போய்ச் சேந்தது ஒரு சேதியா இருக்கும். அதுக்குத்தான் நான் குதிரை வெக்க விடலை. எல்லாரும் கேட்டாங்க, குதிரை வெச்சா சீக்கிரம் போலாம்னு. முடியாதுன்னுட்டேன். மேப்பைத் தொட்டா அந்த எடத்துக்கே போயிர்ற மாதிரி ஒரு வசதி இருக்குது, எல்லா கேம்லயும் வெப்பாங்க. அதையும் முடியாதுன்னுட்டேன். இன்னொண்ணு, ஆட்டத்தை எங்க நிறுத்துனாலும் சரி, மறுபடி ஆரம்பிச்சா மொதல்ல இறக்கி விட்ட அந்த ஊர்லதான் கண்ணு முழிக்கோணும். படுத்த எடத்துல எந்திரிச்சா அப்பறம் தூரம்னா என்னன்னு எப்படிங்க தெரியும்? ஊர்ல இருந்து இந்த வடகிழக்கு மூலைக்கு விடாம ஓடுனா அம்பத்திரண்டு நிமிசம். நானே ஓடி, கடிகாரம் வெச்சு அளந்தது. மூணு தடவை அளந்தனுங்க.

இதை இப்ப வெட்டச் சொல்றதுக்குக் காரணம் ஒரு பொண்ணுங்ணா. நித்திலான்னு தாராபுரத்துப் புள்ளை. வேலைக்கு வந்து ரெண்டு வருசம்கூட ஆகலை. அண்ணா அண்ணான்னுதான் கூப்புடுவா, வாயில வெரல வெச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி. அவளுக்குக் குடுத்த வேலை என்ன? அந்த ஆரம்ப ஊரு. அதுலயும் ஒரே ஒரு தெரு. இருவத்தி மூணு வாசப்படி. அவ்வளவுதான். நான் மலை பண்ணிட்டு இருக்கறேன், இவ ரெண்டு வருசமா ஒரு தெருவைப் பண்ணிட்டு இருக்கறா!

என்ன பண்ணியிருக்கான்னு கேளுங்க. ஒரு ஊட்டு ஆட்டுக்குட்டி அடுத்த ஊட்டு முருங்கையத் திங்குது. அந்த ரெண்டு பொம்பளைகளுக்கும் சண்டை. நீங்க யாரு பக்கம் பேசுனீங்களோ, மத்தவ மூணு நாளைக்கு உங்களுக்குத் தண்ணி தர மாட்டா. மழையில நனைஞ்சு போனா ஒருத்தி திட்டிக்கிட்டே துண்டு எடுத்துக் குடுக்கறா. அந்த ஆட்டுக்குட்டிக்கு ஒருக்கா தழை ஒடிச்சுப் போட்டுட்டா உங்க பின்னாடியே சுத்துது. இதெல்லாம் ஒரு வேலைங்களா? இதுக்கு கேம் எதுக்குங்க, எங்கூட்டு ஜன்னலைத் திறந்தாப் போதாதா?

என்ன ஆச்சு தெரியுங்களா? வெளிய விடறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்கறதுக்குன்னு முந்நூத்து நாப்பது பேருக்குக் குடுத்தோம். ஒம்போது மாசமா ஆடறாங்க. யாரு எந்த எடத்துல எத்தனை நேரம் இருந்தாங்கன்னு கம்ப்யூட்டர் கணக்கெடுத்து மேப்பு மேல செவப்பாக் காட்டும். அதுதானுங்க நீங்க முட்டி மேல வெச்சிருக்கறது. பாருங்க. ஊரு எப்படி இருக்குது? குங்குமத்தைக் கொட்டுன மாதிரி. அந்தத் தெருவை உட்டு ஒருத்தனும் நகரலை. என்ற மலை? வெள்ளை. என்ற ஓடை? வெள்ளை. நாலு வருசமும் வெள்ளை. ஒரு ஆட்டுக்குட்டிகிட்டத் தோத்துப் போனனுங்க நானு!

எங்க ஓனர் இதை சுவத்துல ஒட்டி வெச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. “வேலு, பெருசு பெருசுன்னு சொன்னியே, எல்லாம் பொட்டல் காடு. நடந்து நடந்து காலுதான் வலிக்குதாம்”ங்கறாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நித்திலா சிரிக்கலை, தலையக் குனிஞ்சுட்டு நின்னா. அது இன்னும் ஆத்தரமா இருந்துதுங்க. ஜெயிச்சவ சிரிச்சுத் தொலைச்சாக்கூடப் பரவால்ல.

பொட்டல்னு சொல்றாங்களே, பொட்டல் எங்கதான் இல்லை? இதா இந்த ரோட்டோரம் இல்லையா? ஆளில்லாத எடம்னு ஒண்ணு இருந்தாத்தானே ஊருன்னு ஒண்ணுக்கு மருவாதி? நடுவுல ஒண்ணும் இருக்காது, சரி. அந்த ஒண்ணுமில்லாததைத் தாண்டி ஒருத்தன் வர்றான்னா அவன் எதுக்கு வர்றான்னு யோசிக்க வேண்டாமா? எவனும் யோசிக்கறதில்லீங்க. போன்ல வெரலைத் தேச்சே பழகிப் போச்சு எல்லாத்துக்கும்.

எங்கூட்டுலயா? ஊட்டுக்காரியும் புள்ளையும் கோபியில இருக்கறாங்க. கோபிச்செட்டிபாளையம். சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க வேற. பூங்கொடிக்கு அங்க ஸ்கூல்ல டீச்சர் வேலை, அவங்கம்மா ஊடும் பக்கம், போன ஜூன்ல போயிட்டா. போறப்ப ஒரு வார்த்தை சொன்னா, “இத்தனை பெரிய ஊட்டுல நானும் புள்ளையும் உங்களைத் தேடிட்டே இருக்க முடியாதுங்க”ன்னு. பொம்பளைங்க பேச்சு. கோபி எங்க இருக்குது, நான் எங்க இருக்கேன்? ரெண்டு ரெண்டரை மணி நேரம். வேலை வெட்டி இருக்கறவன் அத்தனை தூரம் வாரா வாரம் போயிட்டு வர முடியுங்களா?

அதுக்காகப் புள்ளைய உட்டுற முடியுமா? அதுக்கு நானு ஒரு வழி பண்ணுனேன். சம்யுக்தான்னு பேரு, சம்முன்னு கூப்புடுவோம், பத்து வயசு ஆவுது. ஆபீஸ்ல ஆளுக்கு ரெண்டு பேருக்கு ஆடிப் பாக்கறதுக்கு அனுமதி குடுத்தாங்க, ஒண்ணை அவளுக்குக் குடுத்து, பழைய லேப்டாப்பும் குடுத்தேன். “கண்ணு, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அந்த வடகிழக்கு மூலைக்கு வந்துரு, அப்பாவும் வந்துர்றேன், அங்க உனக்குன்னு ஒரு பாறை வெச்சிருக்கேன், பக்கத்துல ஒரு வேப்பமரம், வேற யாருக்கும் தெரியாது”ன்னேன். ரெண்டு வாரம் போனேன். பாறை மேல ரெண்டு பேரும் உக்காந்துட்டு இருந்தோம். கல்லுக்கு அடியில சீட்டு எழுதி வெக்கலாம் இந்த ஆட்டத்துல, அதெப்படின்னு சொல்லிக் குடுத்தேன். மூணாவது வாரம் வேலை வந்துருச்சு. அப்பறம் எங்கீங்க? சின்னப்புள்ளை, அதுவும் மறந்துருச்சு. இப்பவும் சனிக்கிழமையானா போன்ல மறக்காமக் கேப்பா, “நாளைக்கு வேலைங்களாப்பா?”ன்னு. ஆமா சாமின்னா, “செரிங்கப்பா”ன்னு வெச்சுருவா. ஒரு அழுகை, ஒரு அடம், ஒண்ணும் கெடையாது. அப்பன் வேலை மேல அத்தனை அக்கறைங்க அதுக்கு.

அதை உடுங்க, வெசயத்துக்கு வாரேன். முக்கியமானதை இன்னும் காட்டவே இல்லை உங்களுக்கு. இந்த மூலையப் பாருங்க. இல்லீங்ணா, இன்னும் மேல. என்ற வெரல் கிட்ட. தெரியுதா ஒரு பொட்டு? செவப்பா? ஆங்! அத்தனையும் வெள்ளையா இருக்கறப்ப அந்த ஒரு பொட்டு மட்டும் செவந்து கெடக்குது. ஒரே ஒரு ஆளு. நூத்திப் பதினேழாம் நம்பர். பேரு காட்டாது, நம்பர்தான். அந்த ஒத்த ஆளு அந்த மூலையில மட்டும் முப்பத்தொம்போது மணி நேரம் இருந்திருக்குது! முப்பத்தொம்போது மணி நேரமுங்ணா! அங்க ஒரு பாறையும் ஒரு மரமும் தவுர ஒண்ணுமே இல்லை. ஆட்டுக்குட்டி இல்லை, சண்டை இல்லை, துண்டு குடுக்கறவ இல்லை. குதிரையில்லாம, ஒவ்வொருக்காவும் அம்பத்திரண்டு நிமிசம் ஓடி, வழியில ஓநாய்கூட மல்லுக்கட்டி ஒருத்தன் வந்திருக்கான்னா என்னங்க அர்த்தம்? என்ற மேப்பைப் புரிஞ்சவன் ஒருத்தன் இருக்கறான்னுதானே அர்த்தம்! முந்நூத்து நாப்பது பேர்ல ஒருத்தன். போதுமுங்க எனக்கு. அவனை வெச்சுத்தான் நாளைக்கு நான் பேசப் போறேன். அவனுக்காகவாச்சும் அந்த மூலைய உட்டு வைங்கடான்னு கேக்கப் போறேன்.

நேத்து சாயங்காலம் இதைத்தான் ஆபீஸ்ல கத்துனேன். “அந்த ஆளு யாருன்னு எடுத்துக் குடுங்க, நான் அவன் காலைத் தொட்டுக் கும்புடறேன்”னேன். நித்திலா போய்க் கம்ப்யூட்டர்ல என்னமோ தேடுனா. வந்து முன்னாடி நின்னா. மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துது. ஒரு கவரை நீட்டி, “அண்ணா, பெங்களூர் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. மீட்டிங்குல வெச்சுப் பிரிக்காதீங்க”ங்கறா. எனக்கு வந்துது பாருங்க கோவம்! “உன்ற சமாதானமெல்லாம் எனக்கு எதுக்கு?”ன்னு கேட்டுப்போட்டு வந்தேன். வந்த வேகத்துல படிக்கற கண்ணாடிய மேசை மேலயே உட்டுட்டு வந்துட்டேன். கவரு மட்டும் எப்படியோ பையில கெடக்குது. அவதான் போட்டிருப்பா.

இதானுங்க. நீங்க வேணா பிரிச்சுப் படிங்க. என்ன மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கான்னு பாப்போம். சத்தமாப் படிங்ணா, பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.

லெட்டர் இல்லீங்களா? என்னது, நூத்திப் பதினேழாம் நம்பரு எழுதுன சீட்டா? அட, அந்த ஆளு கல்லுக்கு அடியில சீட்டெல்லாம் வெச்சிருக்கறானா! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! படிங்க படிங்க. தேதியோடவா? அப்படியே படிங்க.

ஜூன் இருவத்தொம்போது. “அப்பா, நான் வந்துட்டேன். நீங்க வர்ற வழியில ஓநாய் இருக்குது, பாத்து வாங்க.”

ஜூலை ஆறு. “பதினோரு மணி வரைக்கும் இருந்தேன். அம்மா சாப்படக் கூப்புடறாங்க.”

ஆகஸ்ட் பத்து. “இன்னைக்கு அந்த ஓநாயக் கொன்னுட்டனுங்கப்பா. இனி நீங்க பயமில்லாம வரலாம்.”

இருங்க. சித்தெ இருங்ணா. திருப்பிப் படிங்க அதை. இல்லை, வேண்டாம். மேல படிங்க.

அக்டோபர் பத்தொம்போது. “நாளைக்குத் தீவாளி. ஆட்டுக்குட்டி என்கூடவே கொஞ்ச தூரம் வந்துச்சு. அப்பறம் திரும்பிப் போயிருச்சு.”

எத்தனை இருக்குதுங்க அந்த மாதிரி? வாரா வாரமா? ஒரு வாரங்கூட உடலையா? கடைசியா இருக்கறது எது? போன ஞாயித்துக்கிழமையா? அதைப் படிங்க.

“அப்பா, இந்தப் பாறையக் கொஞ்சம் ஊருக்குப் பக்கத்துல வெக்க முடியுங்களா?”

குடுங்க அதை. குடுங்கன்னு சொல்றேன்ல. கண்ணாடி இல்லாட்டியும் பரவால்ல, குடுங்க.

மணி என்னங்க? ஒம்போதாகப் போவுதா? ஒம்போது எட்டுக்குக் கெளம்புனாத்தான் பத்து மணிக்குப் பாறைக்கு வந்து சேர முடியும். இன்னைக்கும் கெளம்புவா. நேத்து போன்ல கேட்டா, நாளைக்கு வேலைங்களாப்பான்னு. ஆமா, பெங்களூர் போறேன், பெரிய மீட்டிங்குன்னேன். செரிங்கப்பான்னா. வேலைன்னு சொல்லச் சொல்ல, அப்பறமும் ஏனுங்க அது ஓடி வருது? வர மாட்டேன்னு தெரிஞ்சும் ஏனுங்க? எவனுங்க அதுக்குக் குதிரை குடுக்காதது? எவன் ஒவ்வொரு வாரமும் அந்த ஊர்ல இருந்தே ஓடுன்னு வெச்சது? போன் பண்ணி என்னத்தெச் சொல்றது? முப்பத்தேழு வாரமா நான் வரலைன்னு அதுக்குத் தெரியாதா?

இது என்ன எடங்க? ஜன்னலைத் தொறங்க! சித்தோடா? சித்தோடு வந்துருச்சா? இங்க இருந்துதானே கவுந்தப்பாடி வழியா கோபிக்கு ரோடு பிரியுது? முக்கா மணி நேரந்தான். பத்து மணிக்கு அது பாறைக்கு வந்து சேர்றப்ப நான் ஊட்டுல அதும் பக்கத்துல போய் உக்காந்தரலாம். கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க! உட்ருங்ணா, மேப்பை மிதிச்சாலும் பரவால்ல, காலை எடுங்க, நான் எறங்கோணும்.

என்னது? சேலம் தவுர எங்கயும் நிக்காதா? பெங்களூர் வண்டியா? தெரியும்யா, பெங்களூருக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கேன், இப்ப அங்க போகலை! நேரமாச்சா? உனக்கு நேரமாச்சா? ஏனய்யா, அம்பத்திரண்டு நிமிசம் ஒத்தையில ஓடி வருது எம்புள்ளை, நீ ஒரு நிமிசம் நிறுத்த மாட்டயா? நிறுத்துய்யா வண்டிய!